தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம்: எதற்குப் போகலாம், எதற்குப் போய்ப் பலனில்லை

கிண்டியில் தலைமையகம், மாவட்டங்களில் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகங்கள், கூடவே ஆய்வகங்கள். 1974 நீர்ச் சட்டத்தின் கீழ் 1982 பிப்ரவரியில் அமைக்கப்பட்ட வாரியம் இது. 1981 காற்றுச் சட்டமும் பிறகு வந்த கழிவு விதிகளும் இதன் தலையில்தான் சுமத்தப்பட்டன. வாரியத்தின் கதவைத் தட்டுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை: தொழில் தொடங்க 'கன்சென்ட்' (இசைவாணை) கேட்டு வருபவர்கள், பக்கத்து ஆலையால் கிணறோ மூச்சோ கெட்டுப்போய் வருபவர்கள். முதல் வகையினருக்கு வாரியம் சுமாராக நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டாம் வகையினருக்கு, அதை வேலை வாங்கத் தெரிந்தால் மட்டும் பலன் உண்டு.

முதலில் கன்சென்ட். கட்டடம் எழுப்பும் முன் நிறுவுவதற்கான இசைவாணை, உற்பத்தி தொடங்கும் முன் இயக்குவதற்கான இசைவாணை. நீருக்கும் காற்றுக்கும் தனித்தனி ஆணை. விண்ணப்பம், கட்டணம், கேள்வி, பதில் எல்லாம் இணையத்திலேயே நடக்கின்றன. பழைய நாள் கோப்பு அலைச்சலோடு ஒப்பிட்டால் இது பெரிய விடுதலை. கட்டணம் தொழிலின் நிறத்தையும் மொத்த நிலையான சொத்து மதிப்பையும் பொறுத்தது. 2016-இல் மத்திய மாசு கட்டுப்பாடு வாரியம் கொண்டுவந்த வகைப்பாட்டில் மாசுக் குறியீடு 60-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சிவப்பு, 41 முதல் 59 வரை ஆரஞ்சு, 21 முதல் 40 வரை பச்சை, 20 வரை வெள்ளை. பின்னர் இந்த வரம்புகள் திருத்தப்பட்டிருக்கின்றன. பழைய பட்டியலைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு நிற்பதைவிட, விண்ணப்பிக்கும் நாளில் எந்தப் பட்டியல் நடப்பில் இருக்கிறது என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

விண்ணப்பம் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அதிகாரியின் பிடிவாதம் அல்ல, காகிதம்தான். நில வகைப்பாட்டுச் சான்று (சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககம்) இல்லாமல் பத்திரத்தை மட்டும் ஏற்றுவார்கள். ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்கு நீர்நிலை, சாலை, குடியிருப்பு, பள்ளி, கோயில் எல்லாம் காட்டும் வரைபடம் கேட்டால், கூகுள் படத்தில் ஒரு வட்டம் போட்டு அனுப்புவார்கள். அந்த வட்டத்துக்குள் ஓர் ஓடை இருந்து, அதைக் குறிக்காமல் விட்டிருந்தால், கள ஆய்வுக்கு வரும் உதவிப் பொறியாளர் அதைத்தான் முதலில் எழுதுவார். அதிக மாசுத் தொழில்களுக்கு இடம் பார்ப்பவர்கள் நிலம் வாங்குவதற்கு முன்பே இரண்டு அரசாணைகளைப் படிக்க வேண்டும்: குறிப்பிட்ட நீராதாரங்களிலிருந்து 1 கி.மீ. தொலைவு சொல்லும் 1989-இன் 213, காவிரி, பாலாறு, வைகை, தாமிரபரணி போன்ற ஆறுகளிலிருந்து 5 கி.மீ. சொல்லும் 1998-இன் 127. முன்பணம் கொடுத்த பிறகு இவற்றைப் படித்துப் பயனில்லை.

அடுத்து நீர்க் கணக்கு. உள்ளே வரும் தண்ணீரும் வெளியே போகும் தண்ணீரும் ஒத்துப்போக வேண்டும். 50 கிலோலிட்டர் எடுக்கிறோம், 20 கிலோலிட்டர் கழிவு என்று எழுதினால், மீதி 30 கொதிகலன் ஆவியிலா, குளிர்விப்புக் கோபுரத்திலா, பொருளோடு சேர்ந்தா எங்கே போனது என்று சொல்ல வேண்டும். கழிப்பறைக் கழிவைப் பலர் மறந்தே விடுகிறார்கள். குளியல் வசதியுள்ள ஆலையில் ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர், அது இல்லாத இடத்தில் 30 லிட்டர் என்பது கட்டட விதித்தொகுப்பின் அளவு. 100 பேர் வேலை செய்தால் 4.5 கிலோலிட்டர், அதில் 80 விழுக்காடு, அதாவது 3.6 கிலோலிட்டர், கழிவாக வரும். அதற்குத் தனியாக ஒரு ஏற்பாட்டைக் காட்ட வேண்டும். ஜெனரேட்டர் புகைபோக்கிக்கும் எளிய சூத்திரம் உண்டு: கட்டட உயரத்தோடு, அதன் கே.வி.ஏ. திறனின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கிக் கூட்டினால் உயரம் மீட்டரில் வரும். 100 கே.வி.ஏ.வுக்குக் கட்டடத்தைவிட 2 மீட்டர், 225-க்கு 3 மீட்டர். கொதிகலன் புகைபோக்கியில் மாதிரி எடுக்கும் துளையைக் கைக்கு எட்டுகிற இடத்தில் போட்டுவிடுவது வழக்கமான தவறு. வளைவு, இணைப்பு போன்ற தடங்கலுக்குப் பிறகு குழாய் விட்டத்தைப் போல 8 மடங்கு, அடுத்த தடங்கலுக்கு முன் 2 மடங்கு தள்ளி இருந்தால்தான் ஓட்டம் சீராக இருக்கும். இல்லையென்றால் அளவீடே செல்லாது. ஏணியும் நிற்கும் மேடையும் இல்லாவிட்டால் ஆய்வகத்தார் ஏற மாட்டார்கள். ஏறச் சொல்வதும் தவறு.

நான்கு மாதத்தில் பதில் வராவிட்டால் இசைவு கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று நீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அந்த நான்கு மாதம், விண்ணப்பம் எல்லா வகையிலும் முழுமையான நாளிலிருந்துதான் ஓடும். கூடுதல் விவரம் கேட்டு ஒரு கேள்வி வந்தாலே கணக்கு தடுமாறிவிடும். அதை நம்பி இயந்திரத்தை ஓடவிடும் ஆலோசகர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

கன்சென்ட் கையில் வந்ததும் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் பின்பக்கத்தைப் படிக்காமல் விடுவது இங்கே பரவலான நோய். நிபந்தனைகள் அங்கேதான் இருக்கின்றன. சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி மின்மீட்டர், நுழைவிலும் வெளியேற்றத்திலும் மின்காந்த ஓட்ட மீட்டர், தினசரிப் பதிவேடு. திறமையான ஆய்வாளர் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே இவற்றைப் பார்த்துவிடுவார். ஊதுகாற்று இயந்திரம் நாள் முழுக்க ஓடினால் இவ்வளவு யூனிட் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். மீட்டர் அதில் கால்பங்கைக் காட்டினால், ஆய்வு நாளில் மட்டும் தொட்டியில் நுரை பொங்குகிறது என்று பொருள். உயிரியல் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி. அளவில் இருக்க வேண்டும். ராத்திரி மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஊதுகாற்றை நிறுத்தினால் நுண்ணுயிர் செத்துக் கசடு கறுத்து மிதக்கும். அது தேறி வர நாள்கணக்கில் ஆகும். நிலப்பகுதி நீர்நிலையில் விடுவதற்கான வரம்புகள்: அமில-காரத்தன்மை (பி.எச்.) 5.5 முதல் 9 வரை, பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிருக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 30, சி.ஓ.டி. (அதையே வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, கரையாமல் மிதக்கும் திடப்பொருள் 100, கரைந்த உப்பு 2,100; பி.எச். தவிர மற்றவை லிட்டருக்கு மி.கி.யில். முதல் நான்கையும் நடுநிலையாக்கல், உயிரியல் முறை என்ற வழக்கமான சுத்திகரிப்பால் எட்டிவிடலாம். உப்பு அப்படியல்ல, அதை நுண்ணுயிர் தின்னாது. தமிழ்நாட்டின் பெரிய மாசுச் சண்டைகள் பலவற்றின் அடியில் இந்த உப்புதான் இருக்கிறது.

திருப்பூரை எடுத்துக்கொண்டால் வாரியத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் தெரியும். நொய்யலில் சாயக் கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு ஆகாத நீர்த்தேக்கமாகி, விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். கடைசியில் 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. அதற்குப் பிறகுதான் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' (கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறை) உண்மையாகத் தலையெடுத்தது: உயிரியல் சுத்திகரிப்பு, நுண்வடிகட்டல், பல கட்ட ஆர்.ஓ., மிஞ்சும் உவர்நீருக்குப் பல அடுக்கு ஆவியாக்கி. ஆர்.ஓ. நீர் மறுபடி சாயத்துக்குப் போகிறது, உவர்நீரில் ஒரு பகுதி உப்புக் கரைசலாகவே திரும்பப் பயன்படுகிறது. உலகத்துக்கே காட்டத்தக்க ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் அதைக் கொண்டுவந்தது நீதிமன்றத்தின் பூட்டு, வாரியத்தின் நோட்டீஸ் அல்ல. ஆவியாக்கியின் அடியில் சேரும் கலப்பு உப்புக்குச் சரியான போக்கிடம் இன்னும் அமையவில்லை. கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைக்கிறார்கள். கூரை ஒழுகினால் ஆற்றுக்குப் போகாமல் தடுத்த அதே உப்பு மழையோடு மண்ணுக்குப் போகும். ஆய்வுக்குப் போகிறவர்கள் ஆர்.ஓ. அறையில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது அந்தக் கொட்டகையில் செலவிடலாம்.

கன்சென்ட் வாங்கியவரை மட்டுமே கண்காணிக்கும் அமைப்பு, வாங்காதவரைத் தவறவிடுகிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் அனுமதியில்லாத சாயப்பட்டறைகளை இடிப்பதும், அவை வேறு சந்தில் முளைப்பதும் வாடிக்கையாகிவிட்டன. இரண்டு தொட்டியும் ஒரு மோட்டாரும் இருந்தால் பட்டறை தயார். கழிவு பாதாளச் சாக்கடையிலோ காவிரிக்குப் போகும் ஓடையிலோ இறங்கிவிடும். இங்கே வாரியம் கையில் வைத்திருக்கும் நல்ல ஆயுதம் நீர்ச் சட்டத்தின் 33-ஏ பிரிவு: மூடச் சொல்லலாம், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கச் சொல்லலாம். காற்றுச் சட்டத்தில் 31-ஏ. வழக்கு ஆண்டுக்கணக்கில் ஓடும்; மின்சாரம் போனால் அன்றைக்கே மோட்டார் நிற்கும். வீட்டு மின் இணைப்பில் ஓட்டுகிறார்கள் என்றால் மின்வாரியத்துக்கும் ஒரு மனு தனியாகப் போட்டுவிடுவது வேலையை விரைவாக்கும்.

இனி புகார்தாரர்களுக்கு. புகாரை வாரியத்தின் இணையதளத்திலும் போடலாம், முதல்வரின் உதவி எண்ணான 1100-இலும் சொல்லலாம், மாவட்டப் பொறியாளரிடம் நேரிலும் கொடுக்கலாம். எதில் போட்டாலும், "நாற்றம் தாங்கவில்லை, நடவடிக்கை எடுக்கவும்" என்று ஒரு வரி எழுதினால் பதிலும் ஒரு வரியில்தான் வரும்: ஆய்வின்போது அத்தகைய நிலை காணப்படவில்லை. அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ராத்திரி பதினொன்றுக்குத் திறக்கும் மதகைக் காலை பதினொன்றுக்குப் பார்க்க வந்தால் என்ன தெரியும்? இரண்டு வாரம் குறிப்பெடுங்கள்: தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, அழுகிய முட்டை நாற்றமா, அமில நெடியா, நீரின் நிறம். கழிவு இறங்கும் இடத்தின் சர்வே எண், அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் பதிந்த படம். "செவ்வாய், வெள்ளி இரவு 11 முதல் 2 வரை, இந்த மதகில்" என்று எழுதிய மனுவை அலுவலகத்தில் அவ்வளவு எளிதாக ஓரம் கட்ட முடியாது.

சிறிய கையடக்க மின்கடத்துத்திறன் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. அது காட்டும் மைக்ரோசீமன்ஸ் எண்ணை 0.65-ஆல் பெருக்கினால் கரைந்த உப்பு தோராயமாக வரும். 3,200-ஐத் தாண்டினால் 2,100 வரம்பைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆலைக்கு மேல்புறம் ஒரு கிணறு, கீழ்ப்புறம் ஒரு கிணறு என இரண்டையும் ஒரே நாளில் அளந்து எழுதுங்கள். ஒரே கிணற்றின் எண்ணை வைத்துப் பேசினால், அந்த ஊர் நிலத்தடி நீரே உப்புதான் என்று ஆலைத் தரப்பு தப்பித்துவிடும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நீங்கள் பாட்டிலில் பிடித்துக் கொடுக்கும் நீர் தகவல்தான், சாட்சியம் அல்ல. நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, அதிகாரி ஆலைக்காரருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஆலைக்காரர் வேண்டுமென்றே வராமல் போனால் அதிகாரி மட்டும் கையெழுத்திடலாம். இந்த முறை பிசகினால் எவ்வளவு மோசமான அறிக்கையும் நீதிமன்றத்தில் நிற்காது. ஆகவே அதிகாரி வரும்போது கூட நின்று, சி.ஓ.டி. மாதிரியில் கந்தக அமிலம் சேர்க்கிறாரா, பி.ஓ.டி. மாதிரி பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரியில் போகிறதா என்று பாருங்கள். வெயிலில் ஜீப்பின் பின்சீட்டில் கிடந்த பாட்டிலில் பி.ஓ.டி. குறைந்துதான் இருக்கும், அந்தக் குறைவு யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை.

அவசரத்தில் வாரியம் விரைவாக அளக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, விடிவதற்குள் ஆலை வாசலில் காற்றையும், கடலில் நீரையும் அளந்துவிட்டார்கள். காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், வரம்பு 400 என்று அறிவித்தார்கள். அந்த 400 என்பது 24 மணி நேர சராசரிக்கான வரம்பு. மூச்சுத் திணறும் சில நிமிடங்களுக்கு அதை அளவுகோலாக வைப்பது பொருந்தாது. கசிவுக்கென்று குறுகிய நேர வரம்புகளை மக்களுக்குச் சொல்லும் பழக்கம் இங்கே இன்னும் வரவில்லை. கிண்டியில் இருக்கும் 'கேர் ஏர்' மையத்துக்குப் பெரிய ஆலைகளின் புகைபோக்கிக் கருவிகள் நேரடியாகத் தகவல் அனுப்புகின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கருவியை வைத்திருப்பது ஆலை. மணிக்கணக்கில் ஒரே எண்ணைக் காட்டும் நேர்கோடு, அழுக்கேறிய உணரி, கழிவுநீர்க் கருவியென்றால் நல்ல தண்ணீர் வாளியில் முக்கி வைத்த முனை என்று ஏமாற்ற வழிகள் பல. உற்பத்தி அளவோடு ஒப்பிட்டால்தான் இவை பிடிபடும்.

தண்டனைப் பக்கம் வாரியம் நெடுநாள் மெலிந்தே இருந்தது. சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கு மத்திய வாரியத்தின் சூத்திரம் இருக்கிறது: குறியீடு (சிவப்பு 80, ஆரஞ்சு 50, பச்சை 30) × நாட்கள் × ரூ.250 × ஆலை அளவு (சிறியது 0.5, நடுத்தரம் 1, பெரியது 1.5) × இடக் காரணி. பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊரில் ஒரு சிறு சாயப்பட்டறைக்கு நாளொன்றுக்கு ரூ.10,000 வரும். சிறிய பச்சை வகைக்கு ரூ.3,750 வந்தாலும் குறைந்தபட்சம் ரூ.5,000 கட்டியாக வேண்டும். இப்படி வசூலிக்க வாரியங்களுக்கு அதிகாரம் உண்டா என்ற வாதத்துக்கு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், உண்டு, ஆனால் அதற்கான விதிகளை வகுத்த பிறகே என்று பதில் சொல்லிவிட்டது. சூத்திரத்தில் நாட்கள் என்ற எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மீறல் எந்தத் தேதியில் தொடங்கியது என்று காட்டுவது உங்கள் குறிப்பேடுதான்.

காலதாமதத்துக்குத் தூத்துக்குடியைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டாம். ஸ்டெர்லைட் ஆலை நீண்ட காலம் இசைவு புதுப்பிக்கப்படாமலே இயங்கியதையும் கணக்கில் எடுத்துத்தான் 2013-இல் உச்ச நீதிமன்றம் ரூ.100 கோடி கட்டச் சொன்னது. அத்தனை நாளும் வாரியம் எங்கே இருந்தது என்ற கேள்வி அந்தத் தீர்ப்பைப் படிக்கும் எவருக்கும் வரும். 2018 ஏப்ரல் 9-இல் வாரியம் புதுப்பிக்க மறுத்தது. உப்பாற்றங்கரையில் கிடந்த தாமிரக் கசடு, 2013-லேயே காலாவதியான அபாயகரக் கழிவு அங்கீகாரம், கொடுக்கப்படாத நிலத்தடி நீர் அறிக்கைகள் என்று காரணங்கள் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. மே 22, 23 துப்பாக்கிச் சூடுகளில் 13 பேர் இறந்த பிறகு ஆலை மூடப்பட்டது. 2020-இல் உயர் நீதிமன்றமும் 2024 பிப்ரவரி 29-இல் உச்ச நீதிமன்றமும் அந்த மூடலை உறுதி செய்தன. எழுத்தில் இருந்த காரணங்கள் கடைசிவரை தாக்குப்பிடித்தன. ஆனால் அவற்றில் ஒன்றுகூட 2018-இல் புதிதாக முளைத்தது அல்ல.

வாரியத்திடம் போய்ப் பலனில்லாதவையும் உண்டு. ஒலிபெருக்கி என்றால் காவல்துறை. இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்பில் 45 டெசிபல் என்ற வரம்பை மனுவில் எழுதலாம். தெருவில் குப்பை எரித்தால், செப்டிக் டேங்க் லாரி ஏரியில் கொட்டினால் முதலில் உள்ளாட்சி. வண்டிப் புகைக்கு ஆர்.டி.ஓ. இவற்றை வாரியத்துக்கு அனுப்பினால் உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்ற கடிதம் வர ஒரு மாதம் வீணாகும். ஆனால் பெரிய திட்டங்களுக்கு அனுமதி தருமுன் மக்கள் கருத்தைக் கேட்கும் பொது விசாரணையை நடத்துவது வாரியத்தின் வேலை. அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவே குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். மைக்கில் பேச இடம் கிடைக்காவிட்டாலும் எழுதிக் கொடுத்த ஆட்சேபம் பதிவில் ஏறும், ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத இரண்டு வசதிகள் நீர்ச் சட்டத்திலேயே இருக்கின்றன. வழங்கிய இசைவுகளின் பதிவேட்டைப் பாதிக்கப்பட்ட எவரும் அலுவலக நேரத்தில் பார்க்கலாம், 25(6) பிரிவு. வாரியம் அசையாவிட்டால் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துத் தனிநபரே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம், 49-ஆம் பிரிவு; அப்போது கையில் உள்ள அறிக்கைகளைக் கேட்டால் வாரியம் தர வேண்டும். அதற்கு முன் பத்து ரூபாய் தகவல் உரிமை மனுவில் மூன்று நகல்களைக் கேட்டு வையுங்கள்: ஆலையின் கன்சென்ட் ஆணை நிபந்தனைகளோடு, கடைசி ஆய்வுக் குறிப்பு, ஆய்வக அறிக்கை. தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதானால் பிரச்சினை எழுந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். வாரியத்தின் ஆணையை எதிர்க்கும் ஆலைக்காரருக்கு மேல்முறையீட்டு அவகாசம் 30 நாள்தான்.